மூன்று சாக்ஸுக்குள் ஒரு சாவி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மேனேஜரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, முக்கியமாக அந்த முதுகு எப்படி இருக்கிறது என்று எழுது. மலையைக் குடைகிற இடத்தில் போன் எடுக்காது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மூன்று வாரம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

உன் பழைய மேனேஜரைத் தினமும் அதட்டும் சுகத்துக்காக நாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்துவிட்டு நீ போய்விட்டாய். எங்கள் மூன்றாம் மாடியில் நிஜமான மேனேஜர் ஒருவர் இருக்கிறார். நான் படியில் "மேனேஜர், உட்காரு" என்றால் பாவம், அவர் நின்றுவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளரும் அவருடைய குட்டி வெள்ளை நாயும். நம்மவர் பாய்ந்த பாய்ச்சலில் செயலாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே தீர்மானமும் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் பதினாறாம் தேதி முற்றத்தில், மற்ற நாய்களுக்குப் பத்தடி பக்கத்தில், சத்தம் போடாமல் மேனேஜர் நடந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் நகராட்சிக் காப்பகம். ஒன்பது வயது நாய் அங்கே போனால் திரும்பாது என்பது உனக்கும் தெரியும்.

அதனால் ஞாயிறு காலை வகுப்பில் சேர்த்திருக்கிறேன். பழைய வண்டி நிறுத்துமிடம். சொல்லிக் கொடுப்பவரை எல்லோரும் வாத்தியாரம்மா என்கிறார்கள். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, மற்ற நாய்களுக்கு நூறடி தள்ளி எங்களை நிறுத்தினார். "அந்த நாயைப் பாத்துச்சா? ஈரல் துண்டு குடு. மறுபடி பாத்துச்சா? மறுபடி குடு. அவ்வளவுதாம்மா வேலை" என்றார். வாரத்துக்கு ஐந்தடிக்கு மேல் குறைக்க மாட்டாராம்.

மேனேஜரின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, முன்பல் எப்படி உடைந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம், முதுகு என்னைவிட நலம். வாரம் ஒருமுறை தபால் கொண்டுவரும் வேன் நிஜமாகவே வருகிறது, உன் கடிதமும் வந்தது. செயலாளர் உட்கார்ந்த கதையை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இங்கே நான்தான் சாமான் கிடங்குக்கு ராஜா. இடுப்பில் நாற்பது சாவி. நான் வருவது சுரங்கத்தின் அந்தக் கோடி வரை கேட்கிறது, அதற்குள் அவர்கள் பீடியை அணைத்துவிடுகிறார்கள்.

மேனேஜர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அவன் சுபாவம் அது. பல், கல்லைக் கடித்ததில் போனது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாய் என்றாலே முகம் சுளிப்பவள் நீ. நான் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவனை உன்னிடம் விட்டேன். இப்போது திடீரென்று வகுப்பு, கோடு, ஈரல்! எனக்கு எட்டு வயதில் என் முயல் "ஓடிப்போச்சுடா" என்று சொன்னாய். நாலு மாதம் கழித்து உன் சிநேகிதி வீட்டுக் கூண்டில் அது புல் தின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நான் இன்னும் மறக்கவில்லை.

அவனை நன்றாகப் பார்த்துக்கொள். உன் கண் எரிச்சலுக்கு மருந்து போடுகிறாயா?

தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலமே. கண்ணுக்கு மருந்து போடுகிறேன். பல்பு கம்பெனியில் நாளெல்லாம் எரிகிற பல்பையே பார்த்து, மினுக்குவதைப் பொறுக்கி எடுக்கிறவளுக்குக் கண் எரியாமல் என்ன செய்யும்?

நேற்று எழுபத்தைந்தடி. மேனேஜர் இப்போது மற்ற நாயைப் பார்க்கிறார், உடனே என் முகத்தைப் பார்க்கிறார், "எங்கே என் துண்டு?" என்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாய் பிடிக்காது என்று நான் சொன்னது உண்மைதான். இவரை மட்டும் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று ஒன்று நடந்தது. எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தன் காரைத் திறக்கச் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் மேனேஜர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அடுத்த நொடி எழுந்து, எதிரில் இருந்த நாயைப் பார்த்துப் பாய்ந்தார். சாவி வைத்திருந்தவர் மேல் இல்லை, அந்த நாய் மேல்.

வாத்தியாரம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "வீட்ல யாரு சாவி வச்சிருந்தாங்க?" என்று கேட்டார்.

தம்பி, சாவியை வைத்து நீ அவரிடம் ஏதாவது செய்தாயா?

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவலாக இருக்கிறேன். இங்கே ஒரு வாரமாகச் சுரங்கத்துக்குள் நீர் ஊறுகிறது. ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கிடங்குக்குள் போக முடியவில்லை. சிமெண்ட் மூட்டையெல்லாம் பலகை அடுக்கி மேலே ஏற்றினோம். சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டதால் நாங்களே வேகவைத்து, நாங்களே வேதனைப்படுகிறோம்.

உங்கள் சங்கச் செயலாளர் எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். நாயின் உரிமையாளர் நான் என்பதால் நான்தான் நிரப்ப வேண்டுமாம். "யாரையேனும் கடித்ததுண்டா?" என்று ஒரு கேள்வி. கீழே இரண்டு கட்டம்: வைத்துக்கொள்கிறேன், காப்பகத்துக்கு ஒப்படைக்கிறேன். ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு என் முகவரியைக் கொடுத்தது யார்? நீதானே?

பத்திரம் அக்கா. வெயிலில் அலையாதே.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். இந்தப் பேனா சரியாக எழுதவில்லை, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

முகவரி கொடுத்தது நான்தான். சங்கத்தில் கேட்டால் கொடுக்காமல் எப்படி?

மேனேஜர் நன்றாக முன்னேறுகிறார். முப்பத்தைந்தடி வந்துவிட்டோம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூட்ஸ் இருக்கிறது, சிமெண்ட் இருக்கிறது. முந்திய கடிதத்தில் பெருமையாக எழுதிய நாற்பது சாவி இதில் எங்கே?

அக்கா

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்பதுதான் இப்போது என் சந்தேகம்.

உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. போன கடிதத்தில் எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உறை மேல் முகவரி வேறு யாரோ எழுதியது. பேனா சரியில்லை என்றால் நான் நம்பிவிடுவேனா?

அடுத்தது கணக்கு. நான் கிடங்குக்காரன், ஆணி குறைந்தாலும் கண்டுபிடிப்பேன். வாரம் ஐந்தடி என்றாய். மார்ச் எட்டில் எழுபத்தைந்து. ஏப்ரல் ஐந்துக்கு ஐம்பத்தைந்து வர வேண்டும். நீ முப்பத்தைந்து என்கிறாய். நடுவில் இருபதடி எங்கே போயிற்று?

மேனேஜர் உன்னிடம்தான் இருக்கிறானா? முயலைப் பற்றியும் அன்றைக்கு "நல்லா இருக்கும்டா, எங்கயாவது" என்றுதான் சொன்னாய். அவன் கால்தடத்தை இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதும் தாளில் பதித்து அனுப்பு. எனக்கு அடையாளம் தெரியும்.

யாரையாவது கடித்தானா? கடித்திருந்தால் மறைக்காதே. கடித்த நாயை வீட்டில் வைக்கக்கூடாது என்பது நான் எப்போதும் சொல்வதுதான். படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

தம்பி

மே 15

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கீழே நீ கேட்ட சாட்சி. கம்பெனி முத்திரை மையில் பதித்த வலது முன்கால். ஓர நகம் பாதிதான் இருக்கும், பார்த்துக்கொள். பதித்த பிறகு என் மெத்தை விரிப்பிலும் ஆறு சாட்சி வைத்துவிட்டுப் போனார்.

கணக்கில் நீ பிடித்தது சரி. முப்பத்தைந்து என்று நான் எழுதியது பொய். உன்னிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டேன். நாங்கள் மறுபடி நூறிலிருந்து ஆரம்பித்தோம். போன ஞாயிறு எண்பது. ஒரு வாரம்கூடத் தவறாமல் போனால் சரியாக ஆகஸ்ட் பதினாறில் பத்தடி. ஒரு ஞாயிறு மழை பெய்தாலும் போச்சு. தினமும் வானத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாவிக்கும் தனியாகப் பாடம் நடக்கிறது. ஒரே ஒரு சாவி, அதை மூன்று சாக்ஸுக்குள் போட்டு, வாத்தியாரம்மா முற்றத்தின் அந்தக் கோடியில் நின்று ஆட்டுகிறார். சத்தம் வருகிறதா என்று எனக்கே சந்தேகம். மேனேஜரின் காது மட்டும் நிமிரும். உடனே ஈரல். நேற்றிலிருந்து இரண்டு சாக்ஸ். "அவசரப்பட்டீங்கன்னா மொத்தமும் போயிடும்மா" என்று என்னிடம் மட்டும் அழுத்திச் சொல்கிறார். அதற்கும் காரணம் இருக்கிறது.

இது மூன்றாவது தடவை கேட்கிறேன். சாவி?

அக்கா

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. வேன் வரவில்லையா, உனக்குக் கை வரவில்லையா? முதலில் உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. அதன் பிறகு சண்டை போடலாம்.

எத்தனை நாள்தான் இரண்டு பேரும் ஒளித்துப் பிடித்து விளையாடுவது? என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் கடித்தார். என்னைத்தான். மார்ச் கடைசி ஞாயிறு. அன்று அறுபதில் நிற்க வேண்டும். இவ்வளவு நன்றாக நடக்கிறாரே, எதற்கு இந்த ஆமை வேகம் என்று வாத்தியாரம்மா அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில் நானாக முப்பத்தைந்துக்குப் போனேன். அந்தச் சமயம் பார்த்து யாரோ சாவியைக் கீழே போட்டார்கள். மேனேஜர் பாய, நான் கழுத்துப்பட்டையைப் பிடிக்க, திரும்பி என் வலது கையைக் கவ்விவிட்டார். ஏழு தையல். கவ்வியவர் உடனே விட்டுவிட்டு என் காலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டார். அவர் உடம்பு நடுங்கிய நடுக்கம் என் முழங்கால் வரை தெரிந்தது. தப்பு என்னுடையது, அவருடையது இல்லை. வாத்தியாரம்மாவும் அதைத்தான் சொன்னார், இன்னும் கொஞ்சம் காரமாக. ஏப்ரலில் நான் உனக்கு எழுதியது இடது கையால். உறை மேல் எழுதியது வாத்தியாரம்மா. இப்போது கை ஆறிவிட்டது.

படிவம் உன்னிடம் இருக்கிறது, கடித்த நாயை வைக்கக்கூடாது என்பது உன் சட்டம். அதனால் மறைத்தேன். பயந்தேன் தம்பி.

முயலையும் சொல்லிவிடுகிறேன். நீ அதைக் காதைப் பிடித்துத் தூக்கிச் சுற்றுவாய். அது கத்தினால் சிரிப்பாய். எட்டு வயது, உனக்கு என்ன தெரியும்? சொன்னால் அப்பா உன்னை அடிப்பார் என்று, உன்னிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேனேஜர் சாவிச் சத்தத்துக்குக் கண்ணை மூடிய அன்று எனக்கு அந்த முயல்தான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து உன் மேல் எனக்குச் சந்தேகம். கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுவது எவ்வளவு கசப்பு என்று உனக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது.

நேற்று ஐம்பதடி. சாக்ஸ் இல்லாமல் ஒரு சாவி. இனி உன் இஷ்டம்.

அக்கா

ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வேன் ஒவ்வொரு வாரமும் வந்தது. நான்தான் வெறுங்கையோடு அனுப்பினேன்.

உன் கை இப்போது மடக்க வருகிறதா? பல்பு எடுக்க முடிகிறதா?

சொல்கிறேன். பழைய கிடங்கில் ஒரு காவலாளி இருந்தார். மேனேஜர் சின்னவனாக இருந்தபோது தெருவில் இன்னொரு நாயைப் பார்த்தால் துள்ளுவான், விளையாடத்தான். எனக்கு இழுத்துப் பிடிக்க முடியவில்லை. அவர் சொன்னார்: "எதிர்ல நாய் வந்தா சாவிக்கொத்தை உன் நாய் பக்கத்துல தரையில வீசிப் போடு. சத்தத்துல அடங்கிடும்." வீசினேன். அடங்கினான். ஒரே நாளில் நாயைத் திருத்திவிட்டேன் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் போதவில்லை. இன்னும் பக்கத்தில் வீசினேன். வேறு நாய் கண்ணில் பட்டாலே சாவி வரும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவி வருவதற்குள் அந்த நாயை விரட்டிவிடப் பார்த்தான். அவன் குரைக்கக் குரைக்க நான் இன்னும் வேகமாக வீசினேன். இவ்வளவும் சுரங்கத்தில் உட்கார்ந்து, உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிறவிக் குணம் என்று உனக்கு எழுதியது பச்சைப் பொய்.

ஒருநாள் கொத்து வாயில் பட்டது. பல் கல்லில் போகவில்லை.

அடுத்த நாள் காலை, நடக்கப் போகும் நேரத்துக்கு, எப்போதும்போலக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு என் கட்டில் பக்கம் வந்து நின்றான். அதை என்னால் தாங்க முடியவில்லை அக்கா. மறுபடி நான் வீசவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இவ்வளவு தூரத்தில் வேலை தேடி வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். கடித்த நாயை வைக்கக்கூடாது என்று நான் சத்தமாகச் சொல்லித் திரிந்ததும், ஒருநாள் அவன் என்னைக் கடித்தால் அது நியாயம் என்று எனக்குத் தெரிந்ததால்தான்.

படிவத்தை இந்த வேனிலேயே சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். "யாரையேனும் கடித்ததுண்டா?" என்ற இடத்தில், "ஆம், ஒரு முறை, என் அக்காவை" என்று எழுதினேன். "காரணம்?" என்ற இடத்தில், "உரிமையாளர் சாவிக்கொத்தை வீசிப் பழக்கியது" என்று எழுதினேன். வைத்துக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு இதனால் சங்கடம் வந்தால் மன்னித்துவிடு. இன்னொரு பொய் எழுத எனக்குத் தெம்பில்லை.

முயலைப் பற்றியும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் சிரித்தது உண்மை.

உன் தம்பி

ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். விரல் மடங்குகிறது, கவலைப்படாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் உன்னை நாலு அறை அறைய வேண்டும்போல இருந்தது. பிறகு அழுதேன். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ஈரல் இல்லாத அழுகை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொண்டார்.

உன் படிவம் செய்த வேலையைக் கேள். சங்கக் கூட்டத்தில் செயலாளர் அதைச் சத்தமாகப் படித்தார். கடித்தது என்று நீயே எழுதிக் கொடுத்தால் வேறு என்ன வேண்டும்? உடனே காப்பகத்துக்கு அனுப்பச் சொன்னார். எனக்குத் துணையாக வந்திருந்த வாத்தியாரம்மா எழுந்து, "தேதி குடுத்தீங்கல்ல, தேதி வரைக்கும் பொறுங்க" என்று ஒரு அதட்டு அதட்டினார். மூன்றாம் மாடி நிஜ மேனேஜரும் நம் பக்கம் பேசினார், பேர்ப் பாசமோ என்னவோ.

நேற்று முன்தினம் காலை முற்றத்தில் எல்லா மாடியிலும் தலைகள். நாங்கள் நடக்கும் வழிக்குப் பத்தடி தள்ளி மூன்று நாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேனேஜர் முதல் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டு வாங்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது செயலாளரின் வெள்ளை நாய். அதன் நேரே நாங்கள் வந்ததும் செயலாளர் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு பெரிய சாவிக்கொத்தை எடுத்தார். உன் படிவத்தில் படித்ததைச் சோதித்துப் பார்க்கக் கொண்டுவந்திருக்கிறார்! தூக்கிப் பிடித்து நன்றாகக் குலுக்கினார்.

தழும்புக் கையால் கயிற்றை இழுக்கப் போனேன். "இழுக்காதீங்க" என்றார் வாத்தியாரம்மா. இழுக்கவில்லை.

மேனேஜர் காதை நிமிர்த்தினார். கண்ணை மூடவில்லை. வெள்ளை நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே செயலாளருக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்தார். சாவி ஆட்டினால் ஈரல் கொடுக்க வேண்டும் என்பது இவர் சட்டம். அவர் மறுபடி ஆட்டினார். இவர் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்தார். மேலேயிருந்து யாரோ சிரித்தார்கள். "இவரு என்ன எதிர்பாக்குறாரு?" என்று செயலாளர் என்னைக் கேட்டார். சொன்னேன். என் பையிலிருந்து ஒரு துண்டை வாங்கி அவர் கையாலேயே கொடுத்தார். நாயை "இவரு" என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

மேனேஜர் இங்கேயே இருக்கிறார், தம்பி.

மாதக் கடைசியில் லீவு கிடைத்தால் வா. ஆனால் உன்னை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது. வாத்தியாரம்மாவுக்கும் தெரியாதாம். வாசலிலிருந்து நூறடியில் நானே கோடு போட்டு வைக்கிறேன். அங்கே நில். கூப்பிடாதே, குனியாதே, பக்கவாட்டில் திரும்பி நில். எத்தனை ஞாயிறு ஆகும் என்று இப்போதே கேட்காதே.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைக் கிடங்கு வாசலில் நின்றே படித்தேன், இரண்டு பேர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை கிளம்புகிறேன். நாற்பது சாவியையும் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். இடுப்பு லேசாக இருக்கிறது, நடந்தால் நான் வருவது யாருக்கும் தெரியவில்லை, பீடியோடு இரண்டு பேரைப் பிடித்தேன். என்னிடம் இப்போது உன் வீட்டுச் சாவி ஒன்றுதான். அதைச் சாக்ஸில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கோட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். எத்தனை ஞாயிறு என்று கேட்க மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று சாக்ஸ் போதுமா, நாலாகச் சுற்றட்டுமா என்று வாத்தியாரம்மாவிடம் கேட்டு வை.

உன் தம்பி